டாமிக்கு ஊசி குத்தலாமா, மாமா?

தை மாசம் கடைசியில ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாய்க்கால் தண்ணியைத் திருப்பி விட்டுட்டு வரப்புல உட்கார்ந்திருந்தேன். மதுரை கே.கே. நகர்ல இருக்கிற என் தங்கச்சி மகன் போன் பண்ணினான்.

"மாமா, ஒண்ணு கேப்பேன். சிரிக்கக் கூடாது."

"கேளு மாப்ள."

"டாமிக்கு அக்குபஞ்சர் பண்ணலாமான்னு யோசிக்கிறோம்."

டாமி அவன் வீட்டு நாய். லாப்ரடார் ஜாதி. 11 வயசு. குட்டியா இருந்தப்ப எங்க ஊருக்கு வந்து வைக்கோல் படப்பைக் கலைச்சுப் போட்டு என் வீட்டுக்காரிகிட்ட விளக்குமாத்தால அடி வாங்கினவன். இப்ப படுத்தா எழுந்திரிக்க முடியலையாம். பின்னங்கால் ரெண்டும் வழுக்கிக்கிட்டுப் போகுதாம். ராத்திரியில முனகுறானாம். கால்நடை டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இடுப்பு மூட்டு தேய்ஞ்சிருக்குன்னு சொல்லி வலிக்கு மாத்திரை கொடுத்திருக்கார்.

இதுக்கு நடுவுல, தெரு முனையில மனுசங்களுக்கு வைத்தியம் பார்க்கிற அக்கு ஹீலர் ஒருத்தர் நாயைப் பார்த்துட்டு, "ஒரே ஒரு புள்ளியைத் தொட்டா போதும், உடம்பு தன்னால சரி பண்ணிக்கும். ஆனா மாத்திரையை இன்னைக்கே நிறுத்தணும், தடுப்பூசியும் இனிமே போடக் கூடாது"ன்னு சொல்லியிருக்கார். அவன் பொஞ்சாதிக்கு அந்தப் பேச்சுல நம்பிக்கை. இவனுக்குப் பாதி நம்பிக்கை, பாதி பயம். நான் மாடு வளர்க்கிறவன், ஏதாவது தெரிஞ்சிருக்கும்னு என்கிட்ட கேட்கிறான்.

நான் சிரிக்கலை. நாய்க்கு ஊசி குத்துறதைப் பத்திச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஏன்னா என் மாட்டு மடியில நான் சோத்துக் கத்தாழையை அரைச்சுத் தடவுறவன். அதைப் பார்த்துச் சிரிச்சவங்களும் உண்டு. அது மட்டும் இல்லை, ஒரு காலத்துல என் கன்னுக்குட்டி தொடையில பழுக்கக் காய்ச்சின கம்பியை வைக்கவும் சம்மதிச்சவன் நான். ரெண்டையும் சொல்றேன். டாமிக்கு நான் சொன்ன பதில் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் இருக்கு.

முதல்ல கத்தாழை.

பால் மாடு வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச பயம் மடிநோய். ஒரு காலையில மடியைத் தொட்டா கல்லு மாதிரி இருக்கும். மாடு உதைக்கும். பால் திரி திரியா வரும். டாக்டர் வந்து ஊசி போடுவார், காம்புக்குள்ள மருந்து ஏத்துவார். அந்த மருந்து பால்ல இறங்குறதால சில நாளைக்குப் பாலை ஊத்தவும் முடியாது, குடிக்கவும் முடியாது. ஒரு மாட்டை நம்பிக் குடும்பம் நடத்துறவனுக்கு அது பெரிய அடி.

இதுக்குத் துணையா ஒரு மூலிகை முறை இருக்கு. தஞ்சாவூர்ல தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தோட மரபுவழி மூலிகை ஆராய்ச்சி மையத்துல, பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஐயா இது மாதிரி முறைகளை ஊர் ஊராக் கேட்டு, அளவு கட்டி, சோதிச்சு ஒழுங்கு பண்ணினார். தேசிய பால்வள வாரியமே இப்ப அதை எடுத்து மத்த மாநிலங்களுக்கும் சொல்லிக் கொடுக்குது. கத்தாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைச்சா செக்கச் செவேல்னு வரும். அதுல ஒரு கை எடுத்து, கொஞ்சம் தண்ணியில கரைச்சு, பாலை ஒட்டக் கறந்துட்டு, மடியைக் கழுவித் துடைச்சு, பூராவும் பூசணும். ஒரு தடவை இல்லை, ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை. அஞ்சு நாள். கூடவே எலுமிச்சம்பழத்தை நறுக்கித் திங்கக் கொடுக்கணும்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது மாட்டு டாக்டர்தான். சொல்லும்போதே எச்சரிக்கையும் சொன்னார். "காய்ச்சல் இருந்தாலோ, தீனி எடுக்கலேன்னாலோ, இதை நம்பிக் காத்துக்கிட்டு இருக்கக் கூடாது. உடனே கூப்பிடணும்."

நான் ரெண்டு தடவை பண்ணியிருக்கேன். ஒரு தடவை அஞ்சாவது நாள் மடி பஞ்சு மாதிரி இளகிடுச்சு. இன்னொரு தடவை மூணாவது நாளே மாடு தலையைத் தொங்கப் போட்டுடுச்சு. டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டோம், பூச்சையும் விடாமப் பூசினோம், தேறிச்சு. ரெண்டாவது தடவை எது காப்பாத்திச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. டாக்டர் ஊசின்னுதான் நினைக்கிறேன். ஆனா கத்தாழையைக் குறை சொல்ல மாட்டேன். அது டாக்டருக்கு வழி விட்டுச்சு.

இப்ப கம்பி.

இது நடந்து 25 வருசத்துக்கு மேல ஆச்சு. எனக்குக் கல்யாணம் ஆன புதுசு. புலிக்குளம் காளங்கன்னு ஒண்ணு வச்சிருந்தேன். ஒன்றரை வயசு. திமில் அப்பதான் எழும்பிக்கிட்டு இருந்துச்சு. மஞ்சுவிரட்டுக்கு விடணும்னு ஆசை. ஊருல பார்க்கிறவன் எல்லாம் "என்னப்பா, கன்னு சோறு திங்குதா, நெய் திங்குதா"ன்னு கேப்பாங்க. அம்புட்டுப் பளபளப்பு.

ஐப்பசி மழை. ஒரு நாள் காலையில பார்த்தா வலது பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்குது. ராத்திரி கட்டுத்தறியில வழுக்கியிருக்கும்னு நினைச்சேன். எங்க ஊருல அப்ப சூடு இழுக்கிற பெரியவர் ஒருத்தர் இருந்தார். மாட்டுக்குக் கால் பிசகினா, தோள் இறங்கினா, வாதம்னா அவரைத்தான் கூப்பிடுவாங்க. கம்பியைக் காய்ச்சி அந்தந்த இடத்துல கோடு இழுப்பார். காசு வாங்க மாட்டார், வெத்தலை பாக்கு மட்டும்தான். அவர் வந்து தடவிப் பார்த்துட்டு, "வாதம்டா. ரெண்டு இழுப்பு இழுத்தா நாளைக்கு ஓடும்"னார்.

நான் கன்னோட தலையைப் பிடிச்சுக்கிட்டேன். கம்பி பட்டதும் அது போட்ட சத்தம் இன்னைக்கும் காதுல இருக்கு.

சாயங்காலம் தொடை வீங்கிப் போச்சு. சூட்டுனால வீங்குதுன்னு நினைச்சோம். அமுக்கினா உள்ள நறநறன்னு ஒரு சத்தம். உடம்பு நெருப்பா கொதிச்சுச்சு. ராத்திரி படுத்துடுச்சு. கோழி கூவுறதுக்கு முன்னாடி செத்துப் போச்சு.

விடிஞ்சப்புறம்தான் டாக்டரைக் கூட்டிட்டு வந்தேன். அவர் தொடையை ஒரு அமுக்கு அமுக்கினார், கேட்டார், சொன்னார்: "சப்பை நோய்." மண்ணுல வருசக் கணக்கா உறங்கிக் கிடக்கிற கிருமியாம். மழைக்காலத்துல கிளம்புமாம். ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வயசுக்குள்ள இருக்கிற, நல்லாக் கொழுத்த கன்னாப் பார்த்துதான் அதிகமாப் பிடிக்குமாம். மழைக்கு முன்னாடி ஒரு தடுப்பூசி போட்டிருந்தா வந்திருக்காது. "நேத்துக் காலையிலயே கூப்பிட்டிருந்தா பென்சிலின் போட்டுப் பார்த்திருக்கலாம். பிழைக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்"னார். அறுக்கக் கூடாது, ஆழமாக் குழி வெட்டி சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

அந்தப் பெரியவர் மேல எனக்கு இன்னைக்கும் கோபம் இல்லை. அவர் ஏமாத்துக்காரர் இல்லை. அவர் சூடு போட்ட மாடுகள்ல பத்துக்கு எட்டு எழுந்து நடந்ததை நானே பார்த்திருக்கேன். ஆனா அதுக்கு அப்புறம்தான் யோசிச்சேன். கால் பிசகின மாட்டை ஒரு வாரம், பத்து நாள் ஏர்ல பூட்டாமக் கட்டிப் போட்டா தன்னாலயே பாதிக்கு மேல தேறிடும். சூடு போட்ட மாட்டையும் புண்ணு ஆறுற வரைக்கும் யாரும் பூட்ட மாட்டாங்க. ஓய்வு தேத்திச்சு, பேரு கம்பிக்குப் போச்சு. என் கன்னுக்கு வந்தது ஓய்வுல தேறாத நோய். கம்பியை நம்பி நான் இழந்தது அந்த ஒரு பகல். அந்த ஒரு பகல்தான் மருந்து வேலை செய்யக்கூடிய நேரம்.

நகரத்துல இருக்கிற நீங்க இந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு, "பாரம்பரியம் எல்லாம் எவ்வளவு அருமை ஐயா"ன்னு எழுதுறீங்க. சந்தோசம். ஆனா கத்தாழையும் பாரம்பரியம்தான், கம்பியும் பாரம்பரியம்தான். பாட்டன் காலத்துல இருந்து வருதுங்கிறது ஒரு அறிமுகம், அவ்வளவுதான். சர்டிபிகேட் கிடையாது. சீனாவுல இருந்து வந்த ஊசிக்கும் அதே பேச்சுதான்.

சரி, அந்த ஊசிக்கு வருவோம். மருமகன் கேட்டதுக்கு அப்புறம் நானும் கொஞ்சம் படிச்சேன், எங்க டாக்டர்கிட்டயும் கேட்டேன்.

அக்குபஞ்சர் மேல்நாட்டுல பிரபலமானதுக்கு ஒரு கதை உண்டு. 1971-ல ஜேம்ஸ் ரெஸ்டன்னு நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்காரர் பீகிங் போனார். அங்க அவருக்குக் குடல்வால் நோவு வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில அறுவை சிகிச்சை செஞ்சாங்க. அப்புறம் வயிறு உப்பிக்கிட்டுச் சிரமப்பட்டப்ப ஊசி குத்தினாங்க, கொஞ்சம் சுகமா இருந்துச்சு. அதை அவர் பத்திரிகையில எழுத, ஊரே பேசிச்சு. நாளாவட்டத்துல சனங்க அதை "ஊசி குத்தியே குடல்வால் ஆபரேசன் பண்ணிட்டாங்க"ன்னு மாத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. நடந்தது அது இல்லை. மரத்துப் போற மருந்து கொடுத்து, கத்தி வச்சு, டாக்டர்கள் நோயை எடுத்துட்டாங்க. ஊசி வந்தது அதுக்குப் பின்னாடி, உடம்பை ஆத்துறதுக்கு.

துணை சிகிச்சைன்னா இதுதான். கல்யாணத்துல துணை மாப்பிள்ளை இருப்பார். அவர் மாப்பிள்ளை பக்கத்துல நிப்பார். மாப்பிள்ளையை எந்திரிக்கச் சொல்லிட்டு மணவறையில உட்கார மாட்டார்.

அதுக்கப்புறம் 1974-ல அமெரிக்காவுல மிருகங்களுக்கு ஊசி குத்துற டாக்டர்களுக்குன்னே ஒரு சர்வதேச சங்கம் ஆரம்பிச்சாங்க. அங்க படிச்ச கால்நடை டாக்டர்களுக்குத்தான் அந்தப் பயிற்சி. ஊசி எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா, பழைய சீனப் புத்தகம் உயிர் ஓட்டம்னு சொல்லும். இந்தக் காலத்து டாக்டர்கள், ஊசி நரம்பைத் தூண்டும், உடம்பு தனக்குள்ளயே வலி குறைக்கிற சுரப்பைச் சுரக்கும்னு சொல்றாங்க. மூட்டு வலி, முதுகு நரம்பு அழுத்தம் மாதிரி விசயத்துக்குத்தான் நாய்க்கு அதிகமாச் செய்றாங்க. டாமிக்கு இருக்கிற மாதிரி.

பலன் உண்டா? 2006-ல இங்கிலாந்துல இருந்தவங்க, மிருகங்களுக்கு ஊசி குத்திப் பார்த்த ஆராய்ச்சிகளை எல்லாம் ஒண்ணாச் சேர்த்துப் படிச்சாங்க. அவங்க சொன்ன முடிவு: செய்யுங்கன்னு சொல்லவும் போதுமான ஆதாரம் இல்லை, செய்யாதீங்கன்னு ஒதுக்கவும் போதுமான ஆதாரம் இல்லை.

அதுல இடுப்பு மூட்டு விசயம் சுவாரசியம். ஊசிப் புள்ளியில சின்னதாத் தங்கத் துண்டை உள்ளே வச்சுவிடுற ஒரு முறை உண்டு. பின்லாந்துல இடுப்பு மூட்டு கெட்ட நாய்களை ரெண்டு கூட்டமாப் பிரிச்சு, ஒரு கூட்டத்துக்குத் தங்கம் வச்சாங்க, இன்னொரு கூட்டத்துக்குத் தங்கம் வைக்காம ஊசி மட்டும் குத்தினாங்க. எதுக்கு எதுன்னு நாயோட சொந்தக்காரங்களுக்குச் சொல்லலை. 2001-ல முடிவு வந்துச்சு. ரெண்டு கூட்டமும் தேறியிருந்துச்சு, வித்தியாசம் இல்லை. அஞ்சு வருசம் கழிச்சு நார்வேக்காரங்க அதே மாதிரி செஞ்சாங்க. அங்க தங்கம் வச்ச நாய்களுக்கு வலி நல்லாக் குறைஞ்சுதுன்னு வந்துச்சு. ஒரே வைத்தியம், ரெண்டு ஊரு, ரெண்டு பதில்.

இதுல ஒரு பேச்சு எப்பவும் வரும். "மனுசன் நம்பிக்கையில தேறிட்டேன்னு சொல்லலாம், நாய்க்கு என்ன நம்பிக்கை? அது தேறினா நிசமாத் தேறினதுதானே?" நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா நாய் வாயைத் திறந்து சொல்றது இல்லையே. சொல்றது நாம. 2012-ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சியில, மூட்டு வலி இருக்கிற நாய்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்துட்டு, நாய் எந்தக் காலை எவ்வளவு அழுத்தி ஊனுதுன்னு கருவியில அளந்தாங்க. கருவியில ஒரு முன்னேத்தமும் இல்லாத நாயைப் பார்த்து, சொந்தக்காரங்க "இப்பப் பரவாயில்லை, நல்லா நடக்குறான்"னு சொல்லியிருக்காங்க. டாக்டர்களே சில பேர் அப்படிச் சொல்லியிருக்காங்க.

இது பொய் இல்லை, பாசம். காசு செலவழிச்சு, லீவு போட்டு, நாயைத் தூக்கிட்டுப் போய் வந்தவன் கண்ணுக்கு அது நல்லா நடக்கிற மாதிரிதான் தெரியும். ஆனா நம்ம கண்ணுக்கு ஆறுதல் கிடைச்சதும், நாய்க்கு வலி குறைஞ்சதும் ஒண்ணு இல்லை. ராத்திரி முனகுறது அதுதான், நாம இல்லை.

அதனால மருமகனுக்கு நான் சொன்னது இதுதான்: ஊசி வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா நாலு விசயம் கேட்டுக்க.

முதல்ல, நோய் என்னன்னு தெரிஞ்சுதா? பின்னங்கால் விழுந்துட்டா எல்லாமே மூட்டு இல்லை. முதுகுத் தண்டுல வட்டு விலகியிருக்கலாம். அதுல சிலதுக்குச் சீக்கிரமா அறுவை சிகிச்சை செஞ்சாத்தான் கால் திரும்பும். உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், அதுக்கு மருந்து தனி. எல்லாத்துக்கும் மேல, வெறிநோய் சில நாய்க்குக் கடிக்கிற வெறியா வராம, வாதம் மாதிரி அமைதியா வரும். தடுப்பூசி போடாத நாய் திடீர்னு காலை இழுத்துக்கிட்டு, எச்சில் ஒழுக நின்னா, அதுக்கிட்ட போய்ப் புள்ளி தேடுறவன் தன் உயிரை வைக்கிறான். நம்ம நாட்டுல வெறிநோயால வருசத்துக்கு ஏறக்குறைய 20,000 பேர் சாகுறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. நாய்க்குத் தடுப்பூசி வேண்டாம்னு எவன் சொன்னாலும், அந்த வாசல்ல இருந்து செருப்பை மாட்டிக்கிட்டு வந்துடு.

டாமிக்கு எக்ஸ்ரே எடுத்தாச்சு, மூட்டுன்னு தெரிஞ்சாச்சு. அதனால அடுத்த கேள்விக்குப் போகலாம்.

ரெண்டாவது, ஊசி குத்துறவர் யாரு? மனுசனுக்குப் பார்க்கிறவர் நாய்க்குப் பார்க்கக் கூடாது. 1984-ம் வருசத்து இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, மிருகத்துக்கு வைத்தியம் பார்க்கப் பதிவு பெற்ற கால்நடை டாக்டரா இருக்கணும். பதிவு எண் கேளு. கேட்கிறதுல வெக்கம் என்ன இருக்கு? உரம் வாங்கும்போது மூட்டையில என்ன போட்டிருக்குன்னு நாங்க பார்க்கிறோம்ல.

மூணாவது, ஏற்கனவே கொடுக்கிற மருந்தை நிறுத்தச் சொல்றாரா? சொன்னா அது துணை இல்லை. மணவறையில ஏறி உட்கார்ந்துட்டார்னு அர்த்தம். மாத்திரையைக் குறைக்கணும்னா, கொடுத்த டாக்டர் குறைக்கட்டும்.

நாலாவது, எத்தனை தடவை, எதைப் பார்த்து முடிவு பண்றது? கத்தாழைக்கு அஞ்சு நாள்னு கணக்கு இருக்கு. ஊசிக்கும் ஒரு கணக்கை முதல்லயே பேசிக்க. வாரா வாரம் அதே நேரத்துல, அதே தரையில நாய் எழுந்து நடக்கிறதைச் செல்போன்ல படம் எடு. படுத்த இடத்துல இருந்து எழ எத்தனை நொடி ஆகுதுன்னு எண்ணி எழுதி வை. மொத வாரப் படத்தையும் கடைசி வாரப் படத்தையும் நாயைத் தெரியாத ஒருத்தன்கிட்ட காட்டு. அவனுக்கு வித்தியாசம் தெரிஞ்சா நிசம்.

இதையெல்லாம் சொல்லிட்டு, "அது இருக்கட்டும், டாமி எத்தனை கிலோ?"ன்னு கேட்டேன்.

"42 இருக்கும் மாமா."

"என்னத்த போடுற?"

"காலையில பால்சோறு. மத்தியானம் கோழி. நாங்க சாப்பிடும்போது சப்பாத்தி. சாயங்காலம் பிஸ்கட்டு..."

எனக்கு அப்பதான் சிரிப்பு வந்துச்சு. பாரம் ஏத்தின வண்டியில அச்சு முறியுதுன்னா அச்சுக்கு எண்ணெய் போட்டா மட்டும் போதுமா? பாரத்தை இறக்கணும். இதுவும் நான் சும்மா சொல்லலை. அமெரிக்காவுல 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாப் பிரிச்சு, ஒண்ணுக்குப் போடுறதுல கால் பங்கைக் குறைச்சு அடுத்ததுக்குப் போட்டு, சாகிற வரைக்கும் கூடவே இருந்து பார்த்திருக்காங்க. 2002-ல எழுதினாங்க. குறைச்சுத் தின்ன நாய்கள் ஏறக்குறைய ரெண்டு வருசம் கூடுதலா இருந்துச்சு. மூட்டு நோவும் அதுகளுக்கு ரொம்பத் தாமதமாத்தான் வந்துச்சு. ஊசிக்கு ரெண்டு ஊரு ரெண்டு பதில் சொல்லிச்சு. எடை விசயத்துல அப்படி ஒரு குழப்பம் இல்லை.

மருமகன் மறுபடியும் அதே டாக்டர்கிட்ட போனான். அவர் ரத்தம் எடுத்து ஈரல், சிறுநீரகம் பார்த்துட்டு மாத்திரையைத் தொடரச் சொன்னார். தீனிக்கு அளவு எழுதிக் கொடுத்தார். டைல்ஸ் தரையில வழுக்காம இருக்க மேட் விரிக்கச் சொன்னார். மனுசங்க வலி மாத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் நாய்க்குப் போடக் கூடாதுன்னு திட்டமாச் சொன்னார். அக்குபஞ்சர் பத்திக் கேட்டதுக்கு, "பயிற்சி எடுத்த கால்நடை டாக்டர்னா செஞ்சு பாருங்க, நான் தடுக்க மாட்டேன். எடை இறங்கட்டும், அப்புறம் பார்ப்போம்"னார். எனக்கு அந்த டாக்டரைப் பிடிச்சுப் போச்சு.

எங்க மதுரை மீனாட்சியம்மன் கோயில் யானை பார்வதிக்குக் கண்புரை வந்தப்ப, 2022-ல தாய்லாந்துல இருந்தே டாக்டர்கள் வந்து பார்த்துட்டுப் போனாங்க. கோயில் யானைக்குப் பூசையும் உண்டு, பாகன் வைத்தியமும் உண்டு. ஆனா கண்ணுன்னதும் கண் தெரிஞ்சவங்களைத்தான் தேடினாங்க. நம்ம வீட்டு நாய்க்கும் அந்த நியாயம்தான்.

சித்திரைத் திருவிழாவுக்கு எதிர்சேவை பார்க்க மதுரை போனப்ப மருமகன் வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு பூரா கோரைப்பாயும் மேட்டுமாக் கிடக்கு. டாமி 38 கிலோவுக்கு வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திரிச்சான். மெதுவாத்தான், ஆனா தன்னால எழுந்திரிச்சான். மருமகனோட பொஞ்சாதி செல்போனை எடுத்து, தை மாசத்துல எடுத்த படத்தைக் காட்டுச்சு. அதுல எழ 21 நொடி. இப்ப 9. "ஊசி இல்லாமலேயே மாமா"ன்னுச்சு. எனக்கு வித்தியாசம் தெரிஞ்சுச்சு. ஆனா நான் நாயைத் தெரியாதவன் இல்லையே, அதனால என் சாட்சி செல்லாதுன்னு சொன்னேன்.

ஊசி இன்னும் குத்தலை. கால்நடை டாக்டர் ஒருத்தர் சென்னையில செய்றாராம், விசாரிச்சுக்கிட்டு இருக்காங்க. குத்தினா என்ன ஆச்சுன்னு நொடிக் கணக்கோட இங்கேயே எழுதுறேன். பலன் இல்லேன்னாலும் எழுதுறேன்.

இந்த வருசம் மழைக்கு முன்னாடி எங்க ஊருல சப்பை நோய் ஊசி போட வருவாங்க. என் கன்னுக ரெண்டையும் முதல் ஆளாப் பிடிச்சுட்டுப் போய் நிப்பேன். மாடு வச்சிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, 1962-ன்னு ஒரு நம்பர் இருக்கு, கால்நடை ஆம்புலன்ஸ். செல்போன்ல போட்டு வச்சுக்கங்க. கால் நொண்டுற கன்னைப் பார்த்தா, கம்பியைத் தேடுறதுக்கு முன்னாடி அதைத் தேடுங்க.